ஸ்ப்ரே கேன் அடைத்துக்கொண்டால் கேனைக் குடையாதீர்கள்

கேட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வைத்த ஸ்ப்ரேயைச் சில வாரம் கழித்து எடுத்தால், குலுக்கும்போது உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கும், அழுத்தினால் ஒன்றும் வராது. உடனே பலரும் குண்டூசியைத் தேடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் கேனில் இல்லை, விரலால் அழுத்துகிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் நாசிலில்தான் இருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

பெரிய தவறு, நாசிலைக் கழற்றிய பிறகு கேன் மேல் தெரிகிற ஓட்டைக்குள் ஊசி விடுவது. அதுதான் வால்வு. அதன் ரப்பர் வாஷர் கிழிந்தால் பெயின்டும் கேஸும் பீறிட்டு வரும், நிறுத்தவே முடியாது. நாசில் கேனில் இருக்கும்போதே அதன் துளையைக் குத்துவதும் கூடாது. காய்ந்த துணுக்கு இன்னும் உள்ளே போகும், துளையும் பெரிதாகும். அப்புறம் பெயின்ட் புகைபோல வராமல் திட்டுத்திட்டாகத் தெறிக்கும்.

சரியான வழி இது. துளை முகத்தைப் பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பி இருக்கட்டும். நாசிலை அழுத்தாமல், லேசாகத் திருகியபடி மேலே இழுங்கள். கட்டிங் பிளேயர் வேண்டாம், வால்வு வளைந்துவிடும். ஆயில் பெயின்ட் என்றால் கண்ணாடி பாட்டிலிலோ எவர்சில்வர் கிண்ணத்திலோ கொஞ்சம் தின்னர் ஊற்றி, நாசிலைப் பத்து, பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். தெர்மாகோல் கப் தின்னரில் கரைந்துவிடும். ஹேர் ஸ்ப்ரேக்கு வெதுவெதுப்பான தண்ணீரே பெரும்பாலும் போதும். ஊறியபின் தேவைப்பட்டால் மெல்லிய கம்பியை நாசிலின் அடிப்பக்கத்திலிருந்து விட்டு, துணுக்கை வெளியே தள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள். துடைத்து மாட்டி, பழைய பேப்பரில் அடித்துப் பாருங்கள்.

இதைச் சமையலறையில் செய்யவே கூடாது. தின்னர் சட்டென்று பற்றும். கேனிலிருந்து பெயின்டை வெளியே தள்ளும் கேஸும் பல ஸ்ப்ரேக்களில் புரொப்பேன், பியூட்டேன்தான். சமையல் கேஸிலும் இருப்பவை இவையே. காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். பக்கத்து அறையில் எரிகிற விளக்கு போதும், தீப்பிடிக்க. மொட்டை மாடியோ வாசலோ நல்லது.

கேனைச் சூடாக்கினால் அடைப்பு இளகும் என்பதும் ஆபத்தான நம்பிக்கை. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடுபடக் கூடாது என்று கேனிலேயே அச்சடித்திருப்பார்கள். வெந்நீரும் அடுப்பும் இருக்கட்டும், வெயிலில் நிற்கும் காருக்குள்ளேயே அந்தச் சூடு வந்துவிடும்.

அடைப்பே வராமலிருக்க, பெயின்ட் அடித்து முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்துச் சில நொடி அழுத்துங்கள். உள்ளே இருக்கும் குழாயின் வாய் அப்போது கேஸுக்குள் இருப்பதால் பெயின்ட் நின்று வெறும் கேஸ் வரும். நாசிலில் தங்கிய பெயின்டை அது ஊதித் தள்ளிவிடும். பிறகு துளையைத் துணியால் துடைத்து மூடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த வேலையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

சுத்தமான நாசில் மாட்டியும் வரவில்லையா? வால்வே அடைத்திருக்கலாம். அந்தக் கேனை விட்டுவிடுங்கள். ஓட்டை போட்டு மிச்சத்தை எடுக்கவோ, குப்பையோடு எரிக்கவோ வேண்டாம். குப்பை லாரியில் மற்றவற்றோடு நசுங்கினாலும் வெடிக்கலாம். தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுத்து, உள்ளே கேஸ் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.