ஹீலியோஸ் 44-2 லென்ஸை சோனி மிரர்லெஸ்ஸில் மாட்டுவது

குவியத் தூரம் 58 மி.மீ., முழுதாகத் திறந்த அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப்/2. இந்த சோவியத் லென்ஸின் பின்புறம் எம்42 மரை: 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரியிடைவெளி. லென்ஸ் மவுண்டிலிருந்து சென்சார் வரை எம்42-க்கு 45.46 மி.மீ. தேவை, சோனி இ-மவுண்டில் இருப்பது 18 மி.மீ. மீதி 27.46 மி.மீ.யை அடாப்டர் (லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் வளையம்) நிரப்புகிறது. அதனுள்ளே கண்ணாடி வில்லை வேண்டாம். நிகான் டிஎஸ்எல்ஆரில் மவுண்டிலிருந்து சென்சார் வரை 46.5 மி.மீ., எம்42-க்குத் தேவையானதைவிட அதிகம் என்பதால், வில்லையில்லாத அடாப்டரில் தொலைவுக் காட்சி ஃபோகஸ் ஆகாது.

முதலில் மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ வசதியை இயக்குங்கள். இல்லாவிட்டால் கேமரா படமெடுக்க மறுக்கும். பிறகு அடாப்டரை லென்ஸில் திருகி, இரண்டையும் சேர்த்து பாடியில் மாட்டுங்கள். மரை கோணலாக ஏறினால் உடனே நிறுத்திப் பின்னோக்கித் திருப்புங்கள், பலம் காட்ட வேண்டாம். லென்ஸில் உள்ள தூர அளவுகோல் மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால், பல அடாப்டர்களில் உள்வளையத்தைப் பிடித்திருக்கும் மூன்று குட்டித் திருகுகளைத் தளர்த்தி வளையத்தைச் சுழற்றலாம்.

கேமரா பாடியில் ஸ்டெபிலைசர் (நடுக்கம் குறைக்கும் வசதி) இருந்தால் குவியத் தூரத்தைக் கையால் 58-க்கு நெருங்கிய எண்ணில் வையுங்கள். விட்டுவிட்டால் நடுக்கம் கூடலாம்.

அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எஃப்/5.6 வைத்து, மற்றதை முழுதாகத் திறந்து, திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு அதே வளையத்தை முட்டும்வரை மூடி எடுங்கள்.

கடைசியாக நிலாவைப் பார்த்து ஃபோகஸ் சோதியுங்கள். முடிவிலிக் குறிக்குச் சற்று முன்பே நிலா தெளிந்துவிட்டால் அடாப்டர் கொஞ்சம் மெலிசு, பரவாயில்லை. நிலா தெளியவே இல்லையென்றால் பெரும்பாலும் அது தடிமன், மாற்றிவிடுங்கள்.