பூடு கேப்சூல் டப்பால போட்ட நம்பர மட்டும் பாத்து வாங்காதீய

எங்க மயினி பாளையங்கோட்டைல ரெண்டு பூடு கேப்சூல் டப்பா வாங்கிட்டு வந்து, "ஏ தம்பி, இதுல ஆயிரம் மில்லிகிராம்னு போட்டிருக்கு, அதுல முந்நூறு, அப்போ ஆயிரந்தான நல்லது"ன்னு கேட்டாவ. மொதத் தப்பே அதான். அந்த ஆயிரம் பூடுப்பொடியோட எடையா, இத்தன பச்சப்பூடுக்குச் சமம்னு போட்ட கணக்கா, இல்ல சத்தோட அளவான்னு பாக்கணும். நல்லா நசுக்குன பச்சப்பூடு ஒரு கிராம்லயே, பூடுக்கு மணம் குடுக்க முக்கியச் சத்தான அல்லிசின் சுமாரா 2.5லேருந்து 4.5 மில்லிகிராம்தான் வரும்.

இன்னொண்ணு, அல்லிசின் பூடுக்குள்ள ரெடியா உக்காந்திருக்குன்னு நெனைக்காவ. உரிச்ச பல்ல மோந்து பாருங்க, பெருசா வாசம் இருக்காது, அம்மில வச்சு ஒரு தட்டு தட்டுனா தெருவே மணக்கும். அல்லிசினுக்கு மூலப்பொருளான அல்லீன் தனியா, அத மாத்துத அல்லினேஸ்ங்கிற என்சைம் தனியா இருக்கும், நசுக்கும்போதுதான் ரெண்டும் கலந்து அல்லிசின் உண்டாகுது. ரெண்டு அல்லீன் சேந்தாதான் ஒரு அல்லிசின், அதனால லேபிள்ல 10 மில்லிகிராம் அல்லீன்னு இருந்தா அல்லிசின் கூடிப்போனா நாலரைதான்.

பெரிய கோளாறு டெஸ்ட் பண்ணுத எடத்துல இருக்கு. பொடிய வெறுந்தண்ணில கரைச்சு, இவ்வளவு அல்லிசின் வரும்னு போட்டுருவாவ, ஆனா வயித்துல ஆசிட்டு இருக்குல்லா, புளிப்பக் காட்டுத பிஎச் அளவு 3க்கு கீழ போனா (கொறையக் கொறைய ஆசிட்டு கூடுதுன்னு அர்த்தம்) அந்த என்சைம் செத்துரும், அதுக்குத்தான் குடல்ல கரையுத மாதிரி கோட்டிங் போடுதாவ. 2001ல 24 பிராண்டு கோட்டிங் மாத்திரைய எடுத்து, அமெரிக்க மருந்துத் தர முறைப்படி ஆசிட்ல ஊறப்போட்டுப் பாத்தா, 83 சதவீத பிராண்டு வரவேண்டியதுல 15 சதவீதம் கூட விடல. அதுக்காக லேப் ஜாடில பண்ணுத டெஸ்ட்ட மட்டும் கட்டிக்கிட்டு அழுததும் தப்புதான், ஏன்னா 2018ல ஆளுங்களுக்கே குடுத்து அல்லிசின் ஒடம்புல மாறி அவிய மூச்சுல வர்ற அல்லைல் மெத்தில் சல்பைட அளந்து பாத்தாவ, கோட்டிங் இல்லாத மாத்திரையே நெனச்சத விட நல்லா வேல செஞ்சிருக்கு, கோட்டிங் மாத்திரைதான் கறி முட்டைன்னு புரதம் கூடுன சாப்பாட்டோட போட்டா கொறஞ்சிருக்கு.

ஏஜ்டு கார்லிக்னு ரொம்ப நாள் ஊறவச்சு எடுக்க பூடுச்சாறுல அல்லிசின் கிடையாது, அதுல இருக்க எஸ்-அல்லைல் சிஸ்டீன்ங்கிற சத்தத்தான் அளக்கணும். பூடு எண்ணெய்ல டையல்லைல் டைசல்பைடு, ட்ரைசல்பைடுன்னு வேற கந்தகச் சத்துங்க இருக்கும். எல்லாத்தையும் அல்லிசின் கணக்குல பாக்கது அல்வாவையும் சொதியையும் ஒரே கரண்டியால அளந்த கத. லேப்லயும் சூடு பண்ணி ஆவியாக்கிப் பிரிச்சு அளக்க ஜிசி மெஷின்ல போட்டா அல்லிசின் ஒடஞ்சிரும், திரவமாவே பிரிச்சு அளக்க எச்பிஎல்சி மெஷின்தான் சரி.

ரத்தம் ஒறையாம இருக்க வார்ஃபாரின் மாதிரி மாத்திர போடுதவிய, ஆபரேஷன் இருக்கவிய, டாக்டர்ட்ட கேக்காம இத தொடாதீய.

மயினி டப்பாவ அப்படியே வச்சுட்டு ரசத்துக்குப் பூடு தட்டப் போயிட்டாவ. தட்டுன ஒடனே சட்டில போடாதீய மயினி, பத்து நிமிசம் கெடக்கட்டும், சூடு பட்டா என்சைம் போயிரும்னேன். "அதுவரைக்கும் புளித்தண்ணிய நீ கரைச்சு வை"ன்னாவ.