ஓசியில் வந்த பொருளுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

சென்னையில் பர்மா பஜார் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையோ, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையோ, எதைப் பற்றியாவது நாலு பேர் படிக்கிற மாதிரி தொடர்ந்து எழுத ஆரம்பித்தால் ஓசி தானாகத் தேடி வரும். முதலில் ஒரு தட்டு சாப்பாடு வரும். பிறகு கூரியரில் ஹெட்போன் வரும். வாங்கலாமா, வாங்கினால் எப்படி எழுதுவது என்று புதிதாக எழுத வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஆசைக்காக எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் காசில் எழுதிப் பழகுங்கள்

யாருக்கும் உங்கள் முகம் தெரியாத காலம்தான் அமெச்சூருக்குக் கிடைக்கிற பெரிய வசதி. எல்லோருக்கும் வைக்கிற தட்டைத்தான் உங்களுக்கும் வைப்பார்கள். அந்த வசதியை வீணாக்காதீர்கள். காசு கையை விட்டுப் போனால்தான் 'இந்த விலைக்கு இது தகுமா' என்ற கேள்வி மனதில் எழும்.

'செம டேஸ்ட்' என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. அத்தோவில் புளித்தண்ணி தூக்கலா, பூண்டு பொன்னிறமா கருகலா, மேலே நொறுக்கிப் போடும் பேஜோ மொறுமொறுப்பாக இருந்ததா நமுத்துப் போயிருந்ததா, வாழைத்தண்டு சூப் சூடாக வந்ததா? இதையெல்லாம் எழுதுங்கள். போன நாள், நேரம், கொடுத்த விலை மூன்றையும் குறித்து வையுங்கள்.

படி 2: பொருளைக் கையில் வாங்கும் முன்னாலேயே பேசிவிடுங்கள்

நிறுவனத்திலிருந்து மெசேஜ் வந்தால் நான் அனுப்பும் பதில் இது: "அனுப்புங்கள். இலவசமாக வந்தது என்று எழுதுவேன். பிடிக்காததையும் எழுதுவேன். வெளியிடும் முன் உங்களுக்குக் காட்ட மாட்டேன்." இதைப் படித்ததும் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது நல்லதுதான். பொருளைத் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: முதல் வரியிலேயே சொல்லுங்கள்

"இந்த மிக்ஸியை நிறுவனம் இலவசமாக அனுப்பியது. கடையில் இதன் விலை இவ்வளவு. திருப்பிக் கொடுக்கவில்லை." இவ்வளவு போதும். கடைசி வரியிலோ ஹேஷ்டேக் கூட்டத்துக்கு நடுவிலோ ஒளித்து வைத்தால் சொல்லாததற்குச் சமம்.

இதற்கு விதியும் இருக்கிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் வழிகாட்டுதல் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் உள்ளது. காசு வாங்கினால்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, இலவசப் பொருளும் அதில் சேரும். கருத்து முழுக்க உங்களுடையதாகவே இருந்தாலும் சொல்லியாக வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பரிந்துரை செய்கிறவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகும்.

படி 4: தெரிந்தவர் கொடுக்கும் ஓசி

நிறுவனத்தின் பார்சலைச் சமாளிப்பது சுலபம். காசிமேட்டில் மீன் வறுத்து விற்கும் அக்கா, "உன்கிட்ட போய் காசு வாங்குவேனா கண்ணு?" என்று தட்டை நீட்டும்போதுதான் கை நடுங்கும். வேண்டாமென்றால் அவங்க மனசு நோகும். வாங்கிச் சாப்பிட்டால் அந்த அன்பு நம் எழுத்தில் எண்ணெய் மாதிரி மிதக்கும்.

நான் செய்வது இதுதான். டீ கொடுத்தால் குடித்துவிடுவேன். சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்தால், வீட்டுக்கு ஒரு பார்சலை முழு விலை கொடுத்துக் கட்டிக்கொண்டு வருவேன். ஓசியில் சாப்பிட்ட தட்டைப் பற்றி எழுதவே மாட்டேன். எழுத வேண்டுமென்றால் வேறொரு நாள் தம்பியை அனுப்பி வாங்கி வரச் சொல்வேன்.

நன்றாக இல்லையென்றால்? முதலில் அவங்களிடம் நேரில் சொல்லுங்கள்: "அக்கா, இன்னிக்கு எண்ணெய் பழசா இருக்கு." கொஞ்ச நாள் விட்டு மறுபடி போய்ப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். பெரிய நிறுவனத்துக்கு இந்த அவகாசம் தேவையில்லை, அவர்களிடம் பொருளைச் சோதித்துப் பார்க்க ஆளும் பணமும் இருக்கிறது. அக்காவிடம் இருப்பது ஒரு அடுப்பும் அன்றைக்கு ஏலத்தில் எடுத்த மீனும்தான். அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. காசு கொடுத்துச் சாப்பிடப் போகிறவரும் நம்ம ஏரியாக்காரர்தான், அன்றாடம் உழைக்கிறவர்தான்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை ஏறும், துண்டு சின்னதாகும். அந்த நாட்களில் சாப்பிட்டுவிட்டு 'விலை அதிகம்' என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை. தடைக்காலம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 5: கணக்கு வையுங்கள்

ஒரு நோட்டு போதும். யார் கொடுத்தது, என்ன விலை, திருப்பிக் கொடுத்தோமா என்று எழுதி வையுங்கள். 2022 ஜூலை 1 முதல், தொழில் சார்ந்து ஒருவர் கொடுக்கும் சலுகைகளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப்பிடித்தம் உண்டு. திருப்பிக் கொடுத்த பொருள் இதில் சேராது.

படி 6: தாராளமாக வாங்கிக்கொள்ள வேண்டியது

ஒழுங்காக எழுதுகிறவர்களிடம் கடைக்காரர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். விடியற்காலை ஏலத்துக்குக் கூட்டிப்போய் செவுள் நிறத்தையும் கண்ணையும் பார்த்து மீன் எடுக்கச் சொல்லித் தருவார்கள். எந்தத் துணி முதல் சலவையிலேயே சுருங்கும் என்று ரகசியமாகச் சொல்வார்கள். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான். இதைக் கேட்டுக் கேட்டு வாங்குங்கள், அப்படியே வாசகருக்கும் கொடுங்கள்.

ஓசியில் வந்த பொருள் உண்மையிலேயே பிடித்துப்போய், அது தீர்ந்ததும் நீங்களே கடையில் வாங்கினால், பழைய பதிவில் தேதியோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "இந்த முறை என் காசில் வாங்கினேன்." வாங்கத் தோன்றவில்லை என்றால் அதையும் சேருங்கள்.