நீந்தும் குரங்கும் மூழ்கும் கேப்பிபாராவும்: சார்ட் பேப்பரில் ஒப்பிடுவது எப்படி?

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூரில் அக்கா வீட்டில் மருமகன் சார்ட் பேப்பரோடு உட்கார்ந்திருந்தான். ஆறாம் வகுப்பு. தண்ணீரோடு ஒட்டி வாழும் இரண்டு பாலூட்டிகளை ஒப்பிட வேண்டுமாம். நீளமூக்குக் குரங்கு, கேப்பிபாரா என்று எடுத்திருந்தான். நீந்துமா? இரண்டுக்கும் டிக். விரல்களுக்கு இடையே சவ்வு உண்டா? இரண்டுக்கும் டிக். கூட்டமாக வாழுமா? அதற்கும் டிக். "ரெண்டும் சேம்தானே மாமா?" என்றான்.

அந்த அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு நாங்கள் செய்தது இது.

படி 1: ஊரும் எடையும்

இதைச் சட்டென்று முடித்துவிடுங்கள். குரங்குக்கு ஊர் போர்னியோ தீவு மட்டும்தான். ஆற்றோரக் காட்டிலும் அலையாத்திக் காட்டிலும் இருக்கும். மான்கூர்ட் தாண்டி வாஷிக்கு ரயிலில் போகும்போது தெரிகிறதே, அந்த மாதிரி சேற்றுக் காடு. கேப்பிபாரா தென் அமெரிக்கா, கொறித்துண்ணிகளிலேயே பெரியது. ஆண் குரங்கு சுமார் 20 கிலோ, பெண் அதில் பாதி. கேப்பிபாரா 35 முதல் 65 கிலோ. சமையலறையில் இருந்த 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். கேப்பிபாரா அதுபோல இரண்டு மூட்டை என்றதும் நம்பவில்லை.

படி 2: "உண்டா" வேண்டாம், "எதற்கு" என்று கேளுங்கள்

டிக் போட முடியாத கேள்விதான் வேலைக்கு ஆகும். எதற்கு நீந்துகிறது? குரங்குக்கு வாழ்க்கையெல்லாம் மரத்தில். அக்கரைக்குப் போக வேண்டும் என்றால் கிளையிலிருந்து தொப்பென்று குதித்து நீந்தும். முதலைப் பயம் வேறு. அதனால் ஆறு குறுகலான இடமாகப் பார்த்துத்தான் கடக்கும்.

கேப்பிபாரா நேர் எதிர். ஜாகுவார் வந்தால் அது ஓடி ஒளிவதே தண்ணீருக்குள்தான். கண், காது, மூக்குத் துளை மூன்றும் தலையின் மேல்பக்கம் இருப்பதால், குளத்து எருமை மாதிரி உடம்பை முக்கிக்கொண்டு வெளியே நோட்டம் விடும். ஐந்து நிமிடம் வரை முழுசாக மூழ்கியும் இருக்கும்.

படி 3: வயிற்றுக்குள் போங்கள்

எனக்குப் பிடித்த இடம் இது. இலையையும் புல்லையும் செரிக்க வயிற்றில் நுண்ணுயிர்கள் வேண்டும். குரங்கு அவற்றை மாடு மாதிரி முன்பக்கமே, அறை அறையான இரைப்பையில் வைத்திருக்கிறது. கேப்பிபாராவுக்கு அந்த வேலை குடலின் பின்பகுதியில் நடக்கிறது. அங்கே கிடைக்கும் சத்தை முழுசாக உறிஞ்சும் முன்பே அது வெளியேறும் நேரம் வந்துவிடும். ஆகவே தன் சாணத்தையே திரும்பத் தின்னும். "இதை எழுதலாமா?" என்று கேட்டான். தாராளமாக.

படி 4: மூக்கு

ஆண் குரங்கின் தொங்கும் மூக்கு 10 சென்டிமீட்டரைத் தாண்டும், குரலைப் பெரிதாக்கும். ஆண் கேப்பிபாராவின் மூக்கின் மேலும் முடியில்லாத கறுப்பு மேடு ஒன்று உண்டு, அது வாசனைச் சுரப்பி.

படி 5: படம்

முதலில் பென்சில், அப்புறம் ஸ்கெட்ச் பேனா. கேப்பிபாராவுக்கு முன்னங்காலில் 4 விரல், பின்னங்காலில் 3. இவன் ஸ்கெட்ச் பேனாவிலேயே எல்லாக் காலுக்கும் ஐந்து போட்டிருந்தான். தேய்த்து அழித்ததில் பின்னங்கால் இருந்த இடத்தில் ஓட்டை. அதன் மேல் நீல கலர் பேப்பர் ஒட்டி, கேப்பிபாராவை இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டோம்.