கிரெடிட் நோட்டில் உங்கள் டெபிட் நோட் எண்

சரக்கைத் திருப்பி அனுப்பும்போது, அதன் தொகைக்கு நாம் போடும் டெபிட் நோட்டின் எண்ணை, அந்தத் தொகையைக் குறைத்து சப்ளையர் தரும் கிரெடிட் நோட்டிலேயே அச்சிடும்படி அவரிடம் கேட்டு வாங்குங்கள். மாதக் கடைசியில் கணக்குச் சரிபார்க்கும் தலைவலி பாதி குறையும்.

சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களையும் கிரெடிட் நோட்டுகளையும் நமக்குக் காட்டும் ஜி.எஸ்.டி. தளத்தின் 2பி அறிக்கையில் (ஜி.எஸ்.டி.ஆர்-2பி) சப்ளையர் போட்ட எண்தான் வரும், நம் எண் வராது. மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடை ஒன்று சூரத்துக்கு மூன்று தடவையாகத் திருப்பிய சேலைகளுக்கு அங்குள்ள சப்ளையர் ஒரே கிரெடிட் நோட் போடலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. அப்போது தொகையை வைத்துத் தேடினால் எதுவும் பொருந்தாது, அச்சிட்ட எண் இருந்தால் உடனே பிடிபடும். 14-ஆம் தேதி 2பி வந்ததும், மாதாந்தரக் கணக்குக்காரர்கள் 20-க்குள் வரிக் கணக்கான 3பி-யைத் தாக்கல் செய்யும் முன் பார்த்துவிடுங்கள். திருப்பிய சரக்கை வாங்கியபோது கட்டி, நம் வரியில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியை 3பி-யில்தான் குறைக்க வேண்டும்.

வரி சேர்க்காமல் தள்ளுபடிக்கு மட்டும் போடும் கிரெடிட் நோட்டுக்கு இது உதவாது. அது 2பி-யில் வரவே வராது, சப்ளையரின் லெட்ஜரோடுதான் (கணக்கேடு) ஒப்பிட வேண்டும். சப்ளையர் காலாண்டுக் கணக்குக்காரர் என்றால் பதிவு தாமதமாகலாம், அதற்குள் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் நிதியாண்டு முடிந்து நவம்பர் 30 தாண்டினால், வரியோடு கூடிய கிரெடிட் நோட்டை அவரால் கணக்கில் காட்ட முடியாது. ஆண்டறிக்கையை முன்பே தாக்கல் செய்திருந்தால் அந்தத் தேதியோடு சரி.