கேபிள் கன்ட்ரோல் ரூமில் ஒரு மினி பிசி: போன் வருவதற்கு முன்பே கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

என் மச்சான் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் கேபிள் நடத்துகிறார். அவர் அப்பா காலத்தில் டிஷ், கோஆக்ஸ் வயர், ஆம்ப்ளிஃபையர் என்று ஆரம்பித்த தொழில். இப்போது தெருவெல்லாம் ஃபைபர். ஒரே இழையில் டிவியும் இன்டர்நெட்டும் போகிறது. நெட் இணைப்பு மட்டும் ஏறத்தாழ 400. ஆனால் கோளாறு தெரியவரும் வழி மட்டும் மாறவில்லை. வாடிக்கையாளர் போன் செய்து திட்டுவார், அப்புறம் லைன்மேன் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்.

போன ஐப்பசி மழையில் ஒரே நாளில் முப்பது புகார். அன்று ராத்திரிதான் கேட்டார்: “மாப்பிள்ளை, எல்லாத்துக்கும் ஏஐ ஏஐங்கறாங்களே, நம்ம லைனுக்கு அதை வெச்சு ஏதாவது பண்ண முடியாதா?” முடியும் என்று சொல்லிவிட்டேன். செய்து முடிக்க மூன்று மாதம் ஆனது. அதில் ஏஐக்கு ஆனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீதி நாள் எங்கே போனது என்பதுதான் இந்தப் பதிவு.

தேவையானவை

மேனேஜ்மென்ட் ஐபி (உள்ளே நுழைந்து பார்ப்பதற்கான முகவரி) உள்ள ஜிபான் ஓஎல்டி (ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஜிபான் முறையில், கன்ட்ரோல் ரூமிலிருந்து வெளிச்சம் அனுப்பும் பெட்டி), 8 ஜிபி ராம் உள்ள ஒரு மினி பிசி, யுபிஎஸ், 4ஜி டாங்கிள். மினி பிசியில் டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) போட்டுக்கொள்ளுங்கள். அதை எப்படிப் போடுவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஓஎல்டியில் எஸ்என்எம்பியை, அதாவது நெட்வொர்க் பெட்டிகளிடம் அளவுகளைக் கேட்டு வாங்கும் வழியை, படிக்க மட்டும் அனுமதித்துத் திறந்துவிடுங்கள். ‘பப்ளிக்’ என்ற வழக்கமான கடவுச்சொல்லை மாற்ற மறக்காதீர்கள்.

படி 1: வெளிச்சக் கணக்கு

சாதாரணமாகப் புழக்கத்தில் இருக்கும் பி பிளஸ் வகை ஜிபான் போர்ட் 1.5 முதல் 5 டிபிஎம் வரை வெளிச்சம் அனுப்பும். (டிபிஎம் என்பது வெளிச்சத்தின் பலம், டிபி என்பது வழியில் ஆகும் இழப்பு. மைனஸ் எண் பெரிதாக ஆக வெளிச்சம் குறைவு.) 3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு இழையை எட்டாகப் பிரிக்கும் 1:8 ஸ்பிளிட்டர் ஒன்று ஏறத்தாழ 10.5 டிபி தின்னும். வரிசையாக இரண்டு போட்டிருந்தால் 21. கிலோமீட்டருக்குத் தாராளமாக 0.35 வைத்தாலும் 2 கிலோமீட்டருக்கு 0.7. கனெக்டர், ஸ்ப்ளைஸ் (இழைகளை ஒட்டிய இடம்) எல்லாம் சேர்த்து ஒரு 1 டிபி. ஆக, வீட்டில் வெளிச்சத்தை வாங்கும் ஓஎன்யு பெட்டிக்கு மைனஸ் 20 பக்கத்தில் வந்து சேர வேண்டும். ஓஎன்யு மைனஸ் 27 வரை தாங்கும்.

மைனஸ் 20 வர வேண்டிய வீட்டில் மைனஸ் 25 வந்தாலும் நெட் ஓடும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கோ 5 டிபி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம், காணாமல் போயிருக்கிறது. அடுத்த மழைக்கு முதல் போன் அந்த வீட்டிலிருந்துதான் வரும்.

படி 2: அளவுகளைச் சேகரிப்பது (நான் விழுந்த பள்ளம்)

ஒவ்வொரு ஓஎன்யுவுக்கும் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பது ஓஎல்டிக்குத் தெரியும். எஸ்என்எம்பி வழியாகக் கேட்டால் சொல்லும். லிப்ரென்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டால் ரூட்டர், ஸ்விட்ச் எல்லாம் அழகாக வந்துவிடுகிறது; எனக்கு அது பிடித்திருக்கிறது. அதே வேலை செய்யும் ஸாபிக்ஸ் பக்கம் நான் போகவில்லை, 400 வீட்டுக்கு அது யானை கட்டித் தீனி போடுகிற கதை. ஆனால் எங்கள் ஓஎல்டியில் வீடு வாரியான வெளிச்சத்தை லிப்ரென்எம்எஸ் எடுக்கவில்லை. அதற்குப் பைத்தானில் ஐம்பது வரி எழுதி, எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் சேமித்து, கிராஃபானாவில் வரைபடமாகப் போட்டேன்.

மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது, அலகு. எண் மைனஸ் 2035 என்று வந்தது. நூறால் வகுத்தால் மைனஸ் 20.35 டிபிஎம். சில ஓஎல்டிகளில் பத்தால் வகுக்க வேண்டியிருக்கும். ஊகிக்காதீர்கள், ஒரு வீட்டில் பவர் மீட்டர் வைத்து அளந்து ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, வேகம். ஆர்வக்கோளாறில் நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டேன். ஓஎல்டி ஒவ்வொரு ஓஎன்யுவையும் தனித்தனியாக விசாரித்துத்தான் பதில் சொல்கிறது. அதன் மேனேஜ்மென்ட் சிபியு பாவம், சோப்ளாங்கி. மச்சான் உள்ளே லாகின்கூடச் செய்ய முடியாத அளவுக்கு அது திணறியது. இப்போது 15 நிமிடத்துக்கு ஒரு முறை. நாளுக்கு 38,400 வரிசைகள். எஸ்கியூலைட் அசராமல் தாங்குகிறது.

மூன்றாவதுதான் என் இரண்டு வாரத்தைத் தின்றது. சில வீடுகளின் சராசரி வெளிச்சம் லட்சக்கணக்கான டிபிஎம் என்று வந்தது. சூரியனுக்கே அவ்வளவு வராது. ஸ்கிரிப்ட் தப்பு என்று நினைத்து மூன்று முறை மாற்றி எழுதினேன். கடைசியில் மூல எண்ணைப் பார்த்தால் 2147483647. அது அளவே இல்லை. ஓஎன்யு அணைந்திருந்தால் ‘சொல்ல எதுவும் இல்லை’ என்பதற்கு ஓஎல்டி வைத்திருக்கும் அடையாளம். பிளஸ், மைனஸ் இரண்டும் வைக்கும் 32 பிட்டில் அடங்கும் ஆகப் பெரிய முழு எண். ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கும் வீடுகள் எல்லாம் என் கணக்கில் நட்சத்திரமாகிவிட்டன! உங்கள் ஓஎல்டி பூஜ்யமோ வேறு எண்ணோ சொல்லலாம். ஒரு ஓஎன்யுவை வேண்டுமென்றே அணைத்துவிட்டு என்ன வருகிறது என்று முதலில் பாருங்கள். மைனஸ் 8க்கும் மைனஸ் 35க்கும் வெளியே வரும் எதையும் ‘அளவு இல்லை’ என்று பதியுங்கள்.

படி 3: யார் எந்த ஸ்பிளிட்டரில்?

இதை எந்த ஏஐயும் செய்து தராது. எந்த வீடு எந்தக் கம்பத்து ஸ்பிளிட்டரில் இருக்கிறது என்பது லைன்மேன் தலையிலும், பாதி கிழிந்த ஒரு நோட்டிலும் இருந்தது. அவரைப் பைக்கில் உட்கார வைத்துத் தெருத்தெருவாகப் போய், ஓஎன்யு சீரியல் நம்பர், ஸ்பிளிட்டர், ஜாயிண்ட் பாக்ஸ் மூன்றையும் ஒரு ஷீட்டில் ஏற்றினோம். ஒரு மாதம் ஆனது. டீச் செலவு தனி.

படி 4: அவரவர் பழைய அளவோடு ஒப்பிடுங்கள்

‘மைனஸ் 25க்குக் கீழே போனால் எச்சரி’ என்று எல்லோருக்கும் ஒரே கோடு போடாதீர்கள். கடைக்கோடித் தோட்டத்து வீடு வருடக்கணக்காக மைனஸ் 25.5ல் நிம்மதியாக ஓடுகிறது. மைனஸ் 18ல் இருந்த வீடு ஒரே வாரத்தில் 21க்கு இறங்கினால்தான் விஷயம். பாதி வெளிச்சம் போய்விட்டது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கடந்த 14 நாள் அளவுகளின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) எடுத்து, அதைவிட 2 டிபி குறைந்தால் குறித்துக்கொள்ளச் சொன்னேன். சராசரி வேண்டாம், இடைநிலை. ஒன்றிரண்டு கோமாளி எண்கள் அதைக் கெடுக்காது.

அப்புறம் படி 3ன் ஷீட்டைச் சேருங்கள். ஒரு வீடு மட்டும் இறங்கினால் அந்த வீட்டுக்குப் போகும் வயர். ஒரே ஸ்பிளிட்டரின் எட்டு வீடும் சேர்ந்து இறங்கினால் ஸ்பிளிட்டரோ ஜாயிண்ட் பாக்ஸோ. போர்ட் முழுக்க இறங்கினால் மெயின் இழை. லைன்மேன் எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

கரண்ட் கட்டையும் பிரித்துவிடுங்கள். மின்சாரம் போகும் நொடியில் ஓஎன்யு ‘டையிங் காஸ்ப்’ என்று ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். அது இல்லாமல் எல்ஓஎஸ் (வெளிச்சம் வரவில்லை என்ற எச்சரிக்கை) மட்டும் வந்தால் வயர் அறுந்திருக்கிறது. இதைச் சேர்க்காமல் விட்டதால், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திய நாளில் மச்சான் போனுக்கு நூற்றுக்கு மேல் எச்சரிக்கை போனது.

படி 5: இப்போது ஏஐ

சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள ‘ஐசொலேஷன் ஃபாரஸ்ட்’ போதும். ஜிபியு எல்லாம் வேண்டாம். வீட்டுக்கு நான்கு எண்கள் கொடுத்தேன்: இடைநிலையிலிருந்து எவ்வளவு இறக்கம், ஒரே நாளுக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம், நாளுக்கு எத்தனை முறை இணைப்பு அறுந்தது, ஸ்பிளிட்டர் அண்டை வீடுகளிலிருந்து எவ்வளவு விலகல். கூட்டத்தோடு ஒட்டாத வீடுகளை அது தனியே எடுத்துக் காட்டும். காலை ஏழு மணிக்கு ஐந்து வீடுகள் கொண்ட பட்டியல் லைன்மேனுக்குப் போகிறது.

உள்ளதைச் சொன்னால், கோளாறுகளில் பெரும்பாலானவற்றைப் படி 4ன் கணக்கே பிடித்துவிடுகிறது. ஏஐ எடுத்துக் கொடுத்தது வேறு மாதிரி ஆட்களை: வெயில் ஏறும்போது மட்டும் ஒன்றரை டிபி இறங்கிச் சாயங்காலம் சரியாகும் வீடு. போய்ப் பார்த்தால் மொட்டைமாடி வெயிலில் காயும் கனெக்டர், பாதி கழன்ற நிலையில். எந்தக் கோட்டையும் அது தாண்டியதே இல்லை.

படி 6: ஏன் கிளவுட் வேண்டாம்?

வெளி லிங்க் அறுந்தால் கிளவுடில் இருக்கும் கண்காணிப்புக்குக் கண் கட்டிவிடும். அதனால்தான் மினி பிசி கன்ட்ரோல் ரூமிலேயே இருக்கிறது. ‘எட்ஜ் கம்ப்யூட்டிங்’ என்று பெரிய பெயரில் சொல்வதும் இதைத்தான்: வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கணக்கும் நடக்கட்டும். அதே பெட்டியில் அன்பவுண்ட் என்ற மென்பொருளைப் போட்டு டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் சேவை) கொடுக்கிறோம்.

யூடியூபையும் அதிலேயே சேமித்து வைக்கலாமே என்று ஸ்குவிட் (இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்துத் தரும் மென்பொருள்) போடாதீர்கள். எல்லாம் எச்டிடிபிஎஸ்ஸில் பூட்டி வருகிறது. நடுவில் நின்று எடுத்து வைக்க வழியில்லை. கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் வீடியோக்களைப் பக்கத்திலேயே சேமித்து வைக்கும் தங்கள் கேஷ் பெட்டிகளைப் பெரிய டிராஃபிக் உள்ளவர்களுக்குத்தான் தருவார்கள். சின்ன ஆபரேட்டர் மேலே லிங்க் வாங்கும் இடத்தில், “உங்களிடம் அந்த கேஷ் இருக்கிறதா, சென்னையில் நிக்ஸியிலோ மற்ற இணைப்பு மையங்களிலோ பியரிங் (மற்ற நெட்வொர்க்குகளோடு நேரடி இணைப்பு) இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

பின்சேர்க்கை 1: “நெட் நன்றாக ஓடுகிறது, வெளிச்சமும் சரி, ஆனால் டிவி மட்டும் உறைகிறது” என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஒரே இழையில் நெட் 1490, 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் போகிறது, டிவி 1550ல். இழை எங்காவது மடங்கினால் 1550தான் முதலில் அடி வாங்கும். ஓஎல்டி இதைச் சொல்லாது. 1550ஐத் தனியாக அளக்கும் பான் பவர் மீட்டரோடு போய், பீரோவுக்குப் பின்னால் நசுங்கிய வயரைத் தேடுங்கள். பச்சைக் கனெக்டரை நீலத்தில் சொருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: 4ஜி டாங்கிள் எதற்கு என்று கேட்டவர்களுக்கு: முதல் மாதம் எச்சரிக்கைகள் எல்லாம் டெலிகிராமுக்கு எங்கள் லிங்க் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. லிங்க் அறுந்த அன்று, அறுந்துவிட்டது என்ற செய்தியும் அந்த அறுந்த லிங்குக்குள்ளேயே காத்துக் கிடந்தது. டாங்கிள் போட்டேன். அடுத்த மாதம் சிம் ரீசார்ஜ் முடிந்து அதுவும் ஊமையானது. இப்போது மினி பிசி தினமும் காலை ஆறு மணிக்கு அந்த சிம் வழியாக ‘இருக்கேன்’ என்று ஒரு செய்தி அனுப்புகிறது. அது வராத அன்று மச்சான் எனக்குப் போன் செய்கிறார்.