வெளிப்புறச் சூழலைத் தாங்கும், பல வகைகளோடும் பொருந்தும் ஒளியிழை கனெக்டரை வடிவமைப்பது எப்படி?

சிங்கிள் மோட் (ஒளி ஒரே பாதையில் மட்டும் செல்லும்) ஒளியிழையில் ஒளி செல்லும் உள்ளகத்தின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சுற்றியுள்ள கண்ணாடியையும் சேர்த்தால் 125 மைக்ரான். எதிரெதிராக நிற்கும் இரண்டு இழைகளின் மையங்கள் 1 மைக்ரான் விலகினால் ஏறத்தாழ 0.2 டெசிபெல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) இழப்பு ஏற்படும். 2 மைக்ரான் விலகினால் அது நான்கு மடங்காகி 0.8 டெசிபெலை எட்டும். சேற்றில் கிடந்து, மழையில் நனைந்து, மிதிபட்டு, கேபிளோடு இழுபடும் ஒரு கனெக்டருக்குள் இந்தத் துல்லியத்தைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை. அதற்கு நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே: ஒளியைச் சேர்க்கும் பொறுப்பையும் அடியைத் தாங்கும் பொறுப்பையும் ஒரே உறுப்பிடம் ஒப்படைக்கக் கூடாது.

படி 1: உள்ளிருக்கும் கனெக்டரைப் புதிதாகக் கண்டுபிடிக்காதீர்கள்

இரண்டு இழைமுனைகளையும் நேர்க்கோட்டில் நிறுத்துவது ஃபெருல் என்னும் சிறு துண்டு. எல்சி (LC) எனப்படும் கனெக்டர் வகையில் அது 1.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை, எஸ்சி (SC) வகையில் 2.5 மில்லிமீட்டர். எம்பிஓ (MPO) வகையில் செவ்வக ஃபெருலுக்குள் 12 இழைகள் 0.25 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கும். இம்மூன்றின் இணைப்பு அளவுகளையும் ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 61754 தரநிலைத் தொகுப்பு வரையறுத்துள்ளது. அந்த அளவுகளை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பொருத்தம் என்பது இங்கேதான் பிறக்கிறது. முதல் முயற்சிக்கு இரட்டை எல்சி ஏற்றது என்பது என் கருத்து. அது சிறியது, பிணையக் கருவிகளில் செருகி ஒளியையும் மின்சைகையையும் மாற்றித் தரும் எஸ்எஃப்பி மாட்யூல்கள் பெரும்பாலும் ஏற்பதும் அதைத்தான்.

ஓர் எச்சரிக்கை: உள்ளே நுழைந்துவிட்டாலே பொருந்திவிட்டது என்று ஆகாது. சாய்வின்றி மெருகேற்றப்பட்ட நீல நிற யூபிசி முனையும், 8 பாகை சாய்வாக மெருகேற்றப்பட்ட பச்சை நிற ஏபிசி முனையும், இரண்டு கனெக்டர்களை எதிரெதிராக இணைக்கும் ஒரே அடாப்டருக்குள் தடையின்றிச் செல்லும். ஆனால், நடுவில் காற்றிடைவெளி விழுவதால் இழப்பு கூடும். ஒளி எதிரொளித்துத் திரும்பும். ஆகவே, வெளிக்கூட்டின் வழிகாட்டிப் பள்ளத்தை இவ்விரு முனைகளுக்கும் வெவ்வேறு கோணத்தில் வைத்து, தவறான முனை நுழையவே முடியாதபடி செய்துவிடுங்கள்.

படி 2: கரு, தாங்கி, கூடு என மூன்றாகப் பிரித்து வரையுங்கள்

கரு என்பது தரநிலை கனெக்டர். தாங்கி என்பது அந்தக் கருவைப் பிடித்திருக்கும், கழற்றி மாற்றக்கூடிய நடுத்துண்டு. கூடு என்பது நீரையும் அடியையும் ஏற்கும் வெளிப்புறம். எல்சி, எஸ்சி, எம்பிஓ ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாங்கி இருக்கலாம். ஆனால் எல்லாத் தாங்கிகளின் வெளி அளவும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எனவே, இடத்தை அதிகம் அடைக்கும் கருவை வைத்தே கூட்டின் உள்விட்டத்தைத் தீர்மானியுங்கள். கூட்டைப் பின்னோக்கித் தள்ளினால் கரு வெளியே நீட்டி நிற்கும்படி அமைத்துவிட்டால், அதே கேபிளை அறைக்குள் இருக்கும் சாதாரணக் கருவியிலும் நேரடியாகச் செருகலாம். தனி அடாப்டர் கேபிள் தேவைப்படாத இந்த வசதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

படி 3: கருவை மிதக்க விடுங்கள்

தொடக்கநிலையில் பலரும் தவறுவது இங்கேதான். கூடு உறுதியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கருவையும் அதோடு இறுக்கிப் பிணைத்துவிடுகிறார்கள். அப்போது கூட்டின் மீது விழும் ஒவ்வோர் இழுப்பும் ஃபெருலைச் சாய்க்கும். தாங்கிக்கும் கூட்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவுக்குப் பக்கவாட்டு அசைவு கொடுத்துப் பாருங்கள். எல்சி, எஸ்சி வகைகளில் ஃபெருல்களை நேராக்கும் வேலையை அடாப்டருக்குள் இருக்கும் பிளவுபட்ட செராமிக் ஸ்லீவே (குழலே) செய்துகொள்ளும். முனைகளை ஒன்றோடொன்று அழுத்தி வைக்க ஃபெருலின் பின்னால் உள்ள சுருள்வில் போதும்.

இணையும் வரிசையும் இதே அளவு முக்கியமானது. முதலில் வழிகாட்டிப் பள்ளம் பொருந்த வேண்டும். அடுத்துக் கூடு நேராக வேண்டும். அதன் பிறகே ஃபெருல் ஸ்லீவுக்குள் நுழைய வேண்டும். பின்னர் ஓ-ரிங் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) அமுங்க, கடைசியாகப் பூட்டு விழ வேண்டும். ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர் பயணத்தில் நிகழ்கிறது என்பதை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

படி 4: நீரைத் தடுத்தல்

ஐஇசி 60529 தரநிலையில் ஐபி 67 என்றால், தூசி அறவே புகாது என்றும், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் கேடு நேராது என்றும் பொருள். இதற்கு ஓ-ரிங் பள்ளத்தின் அளவைக் கணக்கிட்டாக வேண்டும். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓ-ரிங்குக்கு 1.6 மில்லிமீட்டர் ஆழப் பள்ளம் வைத்தால் 20 விழுக்காடு அமுங்கும். அது நல்ல அளவு. பள்ளத்தின் அகலம் 2.6 மில்லிமீட்டர் என்றால் ரப்பர் அந்த இடத்தில் நான்கில் மூன்று பங்கை நிரப்பும். மீதி, வெப்பத்தில் அது விரிவதற்கான இடம். வெயிலும் மழையும் பட்டால் இபிடிஎம் ரப்பர் நெடுநாள் நிற்கும். ஆனால் கனிம எண்ணெய் பட்டால் அது ஊதிவிடும். எண்ணெய் உள்ள இடத்துக்கு நைட்ரைல் ரப்பரைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: கேபிளின் இழுவிசை

கேபிளுக்குள் இருக்கும், இழுப்பைத் தாங்கும் அராமிட் நூல்களைக் கூட்டின் பின்பகுதியில் கிரிம்ப் செய்யுங்கள் (உலோக வளையத்தால் நசுக்கிப் பிணையுங்கள்). இழுவிசை அங்கேயே முடிந்துவிட வேண்டும். உள்ளே இழைக்குச் சிறிது தளர்வு விடுங்கள். வளைவைத் தாங்கும் ஜி.657.ஏ1 வகை இழையானால் வளைவின் ஆரம் 10 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

படி 6: மூடி

தூசி மூடியைக் கூட்டோடு கயிற்றால் பிணைத்துவிடுங்கள். கனெக்டர்கள் இணைந்திருக்கும்போது இரண்டு மூடிகளும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொண்டால், அவற்றின் உட்புறமும் தூய்மையாக இருக்கும்.

படி 7: சோதனை

3டி அச்சில் எடுத்த கூட்டைக் கைப்பிடியையும் பூட்டையும் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். அதன் அடுக்குக் கோடுகள் வழியே நீர் கசியும் என்பதால் நீர்ச் சோதனைக்கு அது உதவாது. கடைந்தெடுத்த மாதிரி கையில் வந்ததும், முதலில் இழைமுனையை நுண்ணோக்கியில் பார்த்து, துடைத்து, மீண்டும் பார்த்த பிறகே இழப்பை அளவிடுங்கள். பிறகு கேபிளைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தபடியே மறுபடியும் அளவிடுங்கள். எண் நகர்ந்தால் கரு சரியாக மிதக்கவில்லை என்று அறியலாம். வெப்பச் சுழற்சியை முடித்த பிறகுதான் நீர்ச் சோதனைக்குச் செல்ல வேண்டும். ஏனென்றால் புதிய ஓ-ரிங் எளிதில் தேறிவிடும். சூட்டிலும் குளிரிலும் அமுங்கியே கிடந்த ஓ-ரிங்தான் உங்கள் பள்ளத்தின் கணக்கு சரியா என்பதைக் காட்டும்.